இரண்டு சுற்றில் நின்றுவிடும் நட்டு

கடையில் போய் "இரண்டரை நூல் போல்ட்" என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பழைய பிரிட்டிஷ் காருக்கு அந்த அளவு மட்டும் போதாது. இரண்டரை நூல் என்பது 5/16 இஞ்ச்; அதே கனத்தில் பல மரை வகைகள் உண்டு. யுஎன்எஃப் என்றால் இஞ்சுக்கு 24 மரை, பிஎஸ்எஃப் என்றால் 22. விட்வொர்த்துக்கும் யுஎன்சிக்கும் 18. போதாக்குறைக்கு 5/16 என்பது 7.94 மி.மீ. என்பதால், 8 மி.மீ. மெட்ரிக் போல்ட்டும் பார்வைக்கு இதே கனம்தான். டப்பாவில் கலந்து கிடக்கும் நட்டுகளில் ஒன்றை எடுத்து ஏற்றினால் இரண்டு சுற்று கையிலேயே ஓடும், அப்புறம் பிடிக்கும். துருவாக இருக்கும் என்று நினைத்து ஸ்பேனர் போட்டு இழுக்கிறார்கள் பாருங்கள், மரை சாவது அங்கேதான். துரு முதல் சுற்றிலிருந்தே கரகரக்கும். லேசாக ஓடிவிட்டுச் சட்டென்று இறுகினால் அது வேறு மரை. கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

இத்தனை வகை எப்படி வந்தது? ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரைக்குக் கோணம் 55 டிகிரி, முகடும் பள்ளமும் உருண்டை. அதே கோணத்தில் நெருக்கமான மரையாக பிஎஸ்எஃப் 1908-இல் வந்தது. அமெரிக்க மரையோ 60 டிகிரி. இரண்டாம் உலகப் போரில் ஒரு நாட்டுப் போல்ட் இன்னொரு நாட்டு நட்டில் ஏறாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 1948 நவம்பரில் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. அப்படி வந்தவைதான் யுஎன்எஃப், யுஎன்சி. ஆனால் கார் கம்பெனிகள் ஒரே நாளில் மாறவில்லை. 1950-களின் கார்களில் இன்ஜினில் ஒரு வகை, கியர்பாக்ஸில் இன்னொரு வகை இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1962-இல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் யுஎன்எஃப்தான். அதிலும் லூகாஸ் மின்சாரச் சாமான்கள், எஸ்யூ கார்புரேட்டர் பக்கம் போனால் பிஏ என்ற பொடி மரை எதிர்ப்படும். அதன் கோணம் 47.5 டிகிரி. 2 பிஏ என்பது 4.7 மி.மீ. கனம். 5 மி.மீ. ஸ்க்ரூவை அதில் திணித்தால் பித்தளை மரை வழித்துக்கொண்டு போய்விடும்.

எல்லாவற்றையும் விட ஏமாற்றுக்காரன் எம்ஜி டிசி, டிடி கார்களின் எக்ஸ்பிஏஜி இன்ஜின். போல்ட் தலைக்கு விட்வொர்த் ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும், மரை மட்டும் மெட்ரிக்! கோவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் தொழிற்சாலையை மோரிஸ் 1923-இல் வாங்கியபோது அங்கிருந்த மெஷின்கள் மெட்ரிக்கில் ஓடின. அந்த வழக்கம் பின்னால் வந்த இன்ஜின்களிலும் தொடர்ந்தது. அதிலும் 8 மி.மீ. போல்ட்டுக்கு மரை இடைவெளி 1.0 மி.மீ.; கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 1.25. தலையைப் பார்த்து பிஎஸ்எஃப் டேப்பை, அதாவது துளைக்குள் மரை வெட்டும் கருவியை, உள்ளே விட்டால் இன்ஜின் பிளாக்கின் கதை முடிந்தது.

ஆகவே ஸ்பேனர் பொருந்துவது சாட்சி ஆகாது, துப்பு மட்டுமே. ஆனால் நல்ல துப்பு. 5/16 யுஎன்எஃப் போல்ட்டின் தலை, தட்டைக்குத் தட்டை 1/2 இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. 5/16 பிஎஸ்எஃப் தலை 0.525 இஞ்ச், 13.3 மி.மீ. விட்வொர்த் ஸ்பேனரில் அடித்திருக்கும் எண் வாயின் அகலம் அல்ல, போல்ட்டின் கனம். அதனால்தான் 1/4 விட்வொர்த் என்று எழுதிய ஸ்பேனர் 1/2 ஏஎஃப் (தட்டைக்குத் தட்டை அளவு) ஸ்பேனரை விட வாய் பெரிதாக இருக்கிறது. 13 மி.மீ. ஸ்பேனர் இரண்டுக்கும் நடுவில் விழும்: ஒன்றில் 0.3 மி.மீ. ஆடி மூலையை மழுக்கும், மற்றதில் ஏறவே ஏறாது. தலையில் வட்டக் குழிவோ, பக்கத் தட்டையில் சங்கிலி போல ஒட்டிய மூன்று வட்டங்களோ இருந்தால் அது யுஎன்எஃப் அல்லது யுஎன்சி.

தீர்ப்பு சொல்வது கனத்தை அளக்கும் வெர்னியரும், மரைப் பல் வெட்டிய தகடுகள் கொண்ட மரை கேஜும். போல்ட்டை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, கம்பி பிரஷால் மரையின் அடி வரை தேய்த்துவிட்டு அளக்க வேண்டும். பழைய 5/16 போல்ட் 7.8 மி.மீ. அளவில் காட்டினால் பதற வேண்டாம், எந்தப் போல்ட்டும் பெயரளவை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். கேஜ் தகட்டை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இடுக்கில் வெளிச்சம் கசியக்கூடாது. குறைந்தது அரை இஞ்ச் நீளத்துக்காவது வைத்துப் பாருங்கள். அரை இஞ்சில் யுஎன்எஃப் 12 மரை, பிஎஸ்எஃப் 11. நான்கைந்து மரையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கேஜ் இல்லையா, வகை தெரிந்த புதுப் போல்ட்டைப் பக்கத்தில் படுக்கவைத்து மரையோடு மரை கோத்துப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

விட்வொர்த்தும் யுஎன்சியும் 1/4, 5/16, 3/8 அளவுகளில் இஞ்சுக்கு ஒரே எண்ணிக்கைதான், கோணம் மட்டும் வேறு. ஒன்று மற்றதில் ஏறும். மட்கார்டுக்குப் போகட்டும் என்று விடலாம். சஸ்பென்ஷனில் கூடவே கூடாது, மரையின் சரிவு முழுதாகப் பதியாது. பிரேக் குழாய் இணைப்பில் ஆபத்து இன்னும் பெரிது. 3/8 யுஎன்எஃப் மரையின் இடைவெளி 1.058 மி.மீ.; அதற்குரிய குழாய் நட்டை 10 மி.மீ., 1.0 இடைவெளி உள்ள மெட்ரிக் துளையில் விட்டால் தொளதொளவென்று சில சுற்று ஏறி, இறுகியது போலவே காட்டும். பிரேக்கை அழுத்தி மிதிக்கும் நாளில் பிடுங்கிக்கொண்டு வரும்.

இனி பழுது. மரையைச் சுத்தம் செய்யப் புது டேப்பை விடாதீர்கள், அது உலோகத்தை வெட்டி எடுக்கும். இருக்கும் பிடிப்பும் போகும். அதே வகை நல்ல போல்ட் ஒன்றை எடுத்து, மரையின் குறுக்கே நீளவாக்கில் ஹாக்ஸா பிளேடால் மூன்று பள்ளம் அறுத்து, பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு எண்ணெய் போட்டு ஓட்டினால் போதும். அழுக்கு பள்ளத்தில் சேரும், மரை வெட்டுப்படாது.

உடைந்த ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) என்றால் பொறுமை வேண்டும். எக்சாஸ்ட் பக்கம்தான் இது அதிகம். வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து நட்டின் உள்வழியாக வெல்ட் அடியுங்கள். அந்தச் சூடே துருவின் பிடியைப் பாதி உடைத்துவிடும். சிவப்பு தணிந்ததும் மெழுகுவர்த்தியை அடியில் தேய்த்தால் மெழுகு மரைக்குள் இறங்கும். பிறகு இப்படியும் அப்படியும் கால் சுற்று கால் சுற்றாக அசைக்க வேண்டும், ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. மட்டமாக உடைந்திருந்தால் நடு மையத்தில் துளை போட்டாக வேண்டும். ஈசி-அவுட் என்ற எதிர்மரைக் கருவியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். அது உள்ளே முறிந்தால் எந்த டிரில்லும் ஏறாத கடின எஃகு. ஸ்பார்க் அரிப்பு மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

அலுமினியத்தில் மரை போய்விட்டால் ஹெலிகாயில், அதாவது துளையைப் பெரிதாக்கி உள்ளே ஏற்றும் கம்பிச் சுருள் மரை. 5/16 யுஎன்சி என்றால் 8.3 மி.மீ. டிரில், அதற்கென்றே வரும் டேப், 12 மி.மீ. நீளச் சுருள். மேல் பரப்புக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்று உள்ளே இறங்கி நிற்க வேண்டும், துருத்திக்கொண்டிருந்தால் கேஸ்கெட் உட்காராது. அடியில் இருக்கும் வால் துண்டை உடைத்து வெளியே எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் கெட்டுப்போவது துளை சாய்ந்துபோவதால்தான். கை டிரில்லை நம்பாமல் டிரில் ஸ்டாண்டில் கட்டிப் போடுங்கள்.

மாற்றுப் போல்ட் வாங்கும்போது தலையில் உள்ள எழுத்தையும் பாருங்கள். எஸ் என்றால் சதுர இஞ்சுக்கு 50 டன் இழுவலிமை, இன்றைய மெட்ரிக் 8.8 தரப் போல்ட்டுக்குக் கிட்டத்தட்ட சமம். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஏ2-70 அதற்கும் கீழே. நட்டோடு ஒட்டிக்கொண்டு சிக்கவும் செய்யும். அதை பம்பரோடு நிறுத்திக்கொள்ளலாம். அடைத்த துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கப் போல்ட்டை முறுக்கினால், போக வழியில்லாத அந்தத் திரவம் பிளாக்கையே பிளந்துவிடும். காற்றடித்து, துணி சுற்றிய கம்பியை விட்டு ஒற்றி எடுத்தபிறகே ஏற்றுங்கள். எம்ஜிபி சிலிண்டர் ஹெட்டுக்குச் சொல்லியிருக்கும் 45–50 பவுண்டு-அடி முறுக்கு சுத்தமான மரைக்கானது. காப்பர் கிரீஸ் தடவிவிட்டு அதே முறுக்கைக் கொடுத்தால் ஸ்டட்டில் ஏறும் இழுப்பு கூடிவிடும்.

கம்பிச் சக்கரம் உள்ள எம்ஜிபி என்றால் இன்னொன்று: காரின் வலப்பக்க ஹப்பில் இருப்பது இடக்கை மரை. அந்தப் பக்கத்து ஸ்பின்னர், அதாவது சக்கரத்தை நடுவில் பூட்டும் பெரிய நட்டு, வலஞ்சுழியாகத் தட்டினால்தான் கழலும். சுத்தியலை ஓங்குமுன் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.