பாட்டில் கூழை விட்டு வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்த பாடு

ஒருவழியாக என் மகள் இப்போது நாங்கள் சாப்பிடுவதையே சாப்பிடுகிறாள். 6 மாதம் முடிந்து பாட்டில் கூழ், அதாவது கடையில் பாட்டிலில் அடைத்து விற்கும் குழந்தை உணவு, ஆரம்பித்ததில் எந்தத் தடங்கலும் இல்லை. அதற்கு அடுத்த கட்டம்தான் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது.

முதல் தொல்லை, ‘அடுத்த நிலை’ என்று போட்டு விற்கும் பாட்டில். தண்ணீராக ஒரு கூழ், அதில் அங்கங்கே கட்டி. வழக்கமான கூழ் என்று வாயைத் திறந்தவள், கட்டி நாக்கில் பட்டதும் ஓங்கரித்து, குடித்த பாலையும் சேர்த்து வெளியே தள்ளினாள். மறுநாள் கரண்டியைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கூழை அப்படியே விழுங்க வேண்டும், கட்டியை நாக்கால் ஓரத்துக்குத் தள்ளி மெல்ல வேண்டும். மெல்லவே பழகாத குழந்தை ஒரே வாயில் இரண்டையும் எப்படிச் செய்யும்?

தடுப்பூசி போடப் போனபோது அங்கிருந்த செவிலியரிடம் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பல்லு வரட்டும், அதுவரைக்கும் அரைச்சே குடுங்க” என்றார். சில வாரங்கள் வீணாகப் போயின. அப்புறம் வேறொரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். “மெல்லுற பல்லு ஒரு வயசுக்கு மேலதான் வரும். மென்மையா இருந்தா ஈறே மசிச்சிடும். 9 மாசத்தைத் தாண்டித் தள்ளிப்போட்டா பின்னாடி சாப்பிட வைக்கிறது கஷ்டம்” என்றார். கேட்டதும் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 8 மாதவாக்கில் கையில் எடுத்துத் தின்னலாம், 12 மாதவாக்கில் வீட்டில் எல்லோரும் உண்பதையே உண்ணலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும்.

கட்டி போட்ட பாட்டிலை அடியோடு நிறுத்தினோம். அவளுக்குப் பிடித்த உருளைக்கிழங்கையே வேகவைத்து முள்கரண்டியால் மசித்துக் கொடுத்தேன். முதலில் நைசாக, பிறகு கொஞ்சம் கொரகொரப்பாக. தண்ணீர் தனியாகப் பிரியாமல் கெட்டியாக இருந்ததால் ஓங்கரிப்பு குறைந்தது. அடுத்து, விரல் நீளத்துக்கு வெட்டி வேகவைத்த கேரட். குழந்தை முதலில் முழுக்கையால்தான் பிடிக்கும் என்பதால் பொடித் துண்டுகள் உள்ளங்கையிலேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு விரலால் கிள்ளி எடுக்க வந்த பிறகு சின்னத் துண்டு போதும். பதம் சரியா என்று பார்க்க, துண்டை இரு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். நசுங்கினால் கொடுக்கலாம்.

ஓங்கரிப்பதையும் மூச்சடைப்பதையும் வீட்டில் எல்லோரும் பிரித்தறிய வேண்டும். ஓங்கரிக்கும்போது முகம் சிவக்கும், சத்தம் வரும், குழந்தை தானே வெளியே தள்ளிவிடும். மூச்சடைத்தால் சத்தமே வராது; உதடு நீலம் பூக்கலாம். ஒருமுறை அவள் ஓங்கரித்ததற்கே என் அம்மா பதறி வாய்க்குள் விரலை விடப் போனார், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலால் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். மூச்சடைப்புக்கான முதலுதவியைத் தெரிந்தவர்களிடம் நேரில் கற்றுக்கொண்டு, பிறகு துண்டு உணவைத் தொடங்குங்கள். முழுத் திராட்சை, முழுக் கொட்டை வகைகள், பச்சைக் கேரட் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுவரை தேனும் கூடாது. குடும்பச் சமையலில் உப்பு போடுவதற்கு முன்பே குழந்தையின் பங்கை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றை யாருமே சொல்லவில்லை. அவளுடைய நாற்காலியில் கால் அந்தரத்தில் தொங்கியது. உடம்பைச் சரிசெய்துகொள்வதிலேயே அவள் கவனம் போனது. காலுக்கு ஒரு பெட்டியை முட்டுக்கொடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். சாப்பாட்டுக்குச் சற்றுமுன் பால் கொடுப்பதையும் நிறுத்தினோம், பசியோடு வந்தாள்.

துப்பினால் விட்டுவிடாதீர்கள். முட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டில் வைத்தோம், வற்புறுத்தவில்லை. ஒருநாள் தானாகவே எடுத்து, முகத்தைச் சுளித்து, விழுங்கி, இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மலத்தில் கேரட் துணுக்கு அப்படியே வந்தால் பயப்பட வேண்டாம், இந்த வயதில் அது சகஜம். மிச்சமிருக்கும் பாட்டில் கூழையும் கொட்ட வேண்டியதில்லை. வேண்டியதைக் கிண்ணத்தில் ஊற்றி, வெந்த துண்டுகளைத் தொட்டுச் சாப்பிடக் கொடுங்கள். வாயில் வைத்த கரண்டியை மட்டும் பாட்டிலுக்குள் விடாதீர்கள், எச்சில் பட்டால் மீதி கெட்டுவிடும்.