செஸ்ட் அறையிலிருந்து தெரிந்த ரிசர்வ் வங்கி

வங்கி வேலையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த இடம் கரன்சி செஸ்ட், அதாவது கட்டுக்கட்டாக நோட்டு வைக்கும் காப்பறைதான். திருச்சிப் பக்கம் ஒரு கிளையில் அதன் பொறுப்பாளர்களில் ஒருவனாக இருந்தேன். இரும்புக் கதவுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், மற்றது கேஷ் ஆபீசரிடம். அவர் லீவு போட்டால் சாவி ஒப்படைக்கும் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்குவதற்குள் காலைப் பொழுது பாதி போய்விடும்.

உள்ளே அடுக்கியிருக்கும் பணம் எங்கள் வங்கியுடையது அல்ல, ரிசர்வ் வங்கியுடையது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. எங்கள் சொந்தக் கையிருப்பு தனியாக இருக்கும். கவுன்டரில் சேர்ந்ததைச் செஸ்டுக்குள் வைத்தால் ரிசர்வ் வங்கியில் எங்கள் கணக்குக்கு வரவு, எடுத்தால் பற்று. உள்ளே போன கட்டு புழக்கத்தில் இல்லாததாகத்தான் கணக்கு. அதே கட்டு வாசலைத் தாண்டினால் மறுபடி பணம். அன்றன்றைய வரவு செலவை அன்றே ரிசர்வ் வங்கிக்குச் சொல்லியாக வேண்டும். வைக்காததை வைத்ததாகக் காட்டினால் அபராத வட்டி விழும். இல்லாத பணத்துக்கு வரவு வாங்கி, அதை வேறு எங்காவது கடன் கொடுத்துவிடலாம் அல்லவா!

“நோட்டு அடிக்கிற மெஷின் அவங்ககிட்டதானே இருக்கு, அடிச்சுக் கொடுத்தா என்ன?” என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அடிப்பது பெரிய விஷயமில்லை. வெளியே போகும் ஒவ்வொரு நோட்டும் ரிசர்வ் வங்கி பட்ட கடன். அதற்கு ஈடாகத் தங்கமோ, வெளிநாட்டுப் பத்திரமோ, அரசுப் பத்திரமோ அதன் கையில் இருந்தாக வேண்டும். நோட்டில் ரிசர்வ் வங்கிக் கவர்னர் கையெழுத்துக்கு மேலே, இத்தனை ரூபாய் தருகிறேன் என்று இருக்கும் வாக்குறுதி சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஒரு ரூபாய் நோட்டில் அந்த வாசகமே இருக்காது. அது மத்திய அரசின் நோட்டு, நிதித்துறைச் செயலர் கையெழுத்துப் போடுவது.

கிழிந்த நோட்டு மாற்றுவதும் எங்கள் தலையில்தான். பரணில் வைத்துக் கரையான் அரித்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார் ஓர் அம்மா. ஐம்பது ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள நோட்டென்றால், துண்டாகாத பெரிய பகுதி 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை என்றால் பாதி, அதற்கும் கீழே ஒன்றுமில்லை. ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். “பாதி நோட்டுக்குப் பாதி ரூவாயா? நல்ல கணக்குதான் தம்பி” என்றார். கோபத்தில் சொன்னாரா பாராட்டினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

2016 நவம்பர் 8-ஐப் பற்றிப் பேசினால் முடியாது. பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கை போட்டது மத்திய அரசு. நடைமுறைப்படுத்தியது ரிசர்வ் வங்கி. திட்டு வாங்கியது கவுன்டர். பழைய நோட்டு அறைக்குள் கொள்ளவில்லை. புது இரண்டாயிரம் நோட்டின் அளவு வேறு என்பதால் ஏடிஎம்மை மாற்றியமைக்கும்வரை அதில் போட முடியவில்லை. 2023 மே மாதம் அந்த இரண்டாயிரத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது, அது செல்லும் நோட்டுதான், வங்கிகளில் திரும்பப் பெறுகிறார்கள், அவ்வளவுதான் என்று எத்தனை முறை சொன்னாலும் வரிசையில் நின்றவர்கள் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி, அதைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் அது 4-லிருந்து 6.5 சதவீதமானபோது, வீட்டுக்கடன்காரர்கள் தவணைக் காலம் நீண்டுவிட்டதைப் பார்த்து எங்களிடம்தான் சண்டைக்கு வந்தார்கள். விலைவாசியை 4 சதவீதத்தை ஒட்டி வைக்கும் பொறுப்புக்காகத்தான் அந்த ஏற்றம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இப்போதுள்ள இளைஞர்கள், யுபிஐ வந்துவிட்டது, செஸ்டுக்கு இனி என்ன வேலை என்கிறார்கள். 2016-க்குப் பிறகு புழக்கத்தில் உள்ள நோட்டின் மதிப்பு கூடித்தான் இருக்கிறது என்பது ஒருபுறம். டீக்கடையில் ஸ்கேன் செய்கிற பன்னிரண்டு ரூபாயும், வங்கிக்கு வங்கி கழித்துப் பார்த்த மீதியாக, கடைசியில் ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்கில்தான் பற்று வரவாகிறது. நாங்கள் கட்டு வைத்தால் வரவாகுமே, அதே கணக்கில்.