நடுங்கும் பிக்கப்: தன்லின் நாட்குறிப்பு

2019 ஏப்ரல் 17, புதன்

பர்மாவின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் முடிந்தது. இந்தத் திருவிழா நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் பிக்கப்பின் பின்தட்டில் ஏறிக்கொண்டு, ரங்கூனை அடுத்த எங்கள் ஊர் தன்லின் முழுக்கச் சுற்றினார்கள். வழியெங்கும் குழாய் வைத்துத் தண்ணீர் அடிக்கிறார்கள், வண்டிக்கும் சேர்த்துத்தான் குளியல். 14ஆம் தேதி நம் தமிழ் வருடப் பிறப்பு. கோயிலுக்குப் போய்வந்த கையோடு மறுபடியும் ஏறிவிட்டார்கள்.

இன்று காலை ஸ்டார்ட் செய்ததும் வண்டி நடுங்கியது. ஓட்டும்போது இல்லை, கியர் போடாமல் நிற்கும்போது மட்டும். ஸ்டீயரிங், பக்கக் கண்ணாடி, முன்னால் ஒட்டியிருக்கும் முருகன் படம் எல்லாம் ஆடுகிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் சீராகிவிடுகிறது. கூடவே மீட்டரில் மஞ்சளாக எஞ்சின் லைட், அணையவே இல்லை.

வண்டியைப் பற்றி: ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்த 1990களின் டொயோட்டா. 4 சிலிண்டர் பெட்ரோல், இன்ஜெக்‌ஷன், ஆனால் மின்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்து அனுப்ப பழைய முறைப்படி டிஸ்ட்ரிபியூட்டர். இதை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. சௌட்டான் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு, பாலம் தாண்டி, ரங்கூன் திரி மிங்கலா சந்தைக்கு விடியுமுன் போய்ச் சேர வேண்டும்.

ஏப்ரல் 18, வியாழன்

கடைகள் பாதிதான் திறந்திருக்கின்றன. தண்ணீர்மேல்தான் எனக்கு முதல் சந்தேகம் என்பதால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். உள்ளே நீர்த்துளிகள் இருந்தன. ஈரம் இருந்தால் மின்பொறி பிளக்குக்குப் போகாமல் மூடிக்குள்ளேயே வழி தேடிக்கொள்ளும். துணியால் துடைத்து, வெயிலில் காய வைத்து, உள்முனைகளில் வெடிப்போ கரிக்கோடோ இருக்கிறதா என்று பார்த்தேன். நன்றாகவே இருந்தது. மாட்டியபின் மேட்டில் ஏறும்போது இருந்த திக்கல் போய்விட்டது. நின்றால் வரும் நடுக்கமும் விளக்கும் அப்படியே.

சந்தை வழியிலிருக்கும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைக்கூடத் திறக்காமல், "கம்ப்யூட்டர் போச்சு, வேற போடணும்" என்றார் அங்கிருந்த சயா (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கணக்கிடும் பெட்டியைத்தான் சொன்னார். மூடியைத் திறந்து பார்க்காதவர் பேச்சைக் கேட்டு அவ்வளவு பெரிய காசை எடுத்து வைக்க எனக்கு மனமில்லை. பெட்டியை மாற்றியும் நடுக்கம் போகாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

ஏப்ரல் 20, சனி

இந்தத் தலைமுறை டொயோட்டா வண்டிகளில் பழுதைப் படிக்க மெஷின் தேவையில்லை, சின்னக் கம்பித்துண்டு போதும். எஞ்சின் அறையில் மூடி போட்ட சிறு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று உண்டு. மூடியின் உட்புறம் துளைகளின் பெயர்கள் இருக்கும். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, டிஇ1 (TE1) என்ற துளையையும் இ1 (E1) என்ற துளையையும் கம்பியால் இணைத்தால் எஞ்சின் லைட் கண் சிமிட்டத் தொடங்கும். ஒரே சீராக விடாமல் சிமிட்டினால் கம்ப்யூட்டரில் எந்தப் பழுதும் பதிவாகவில்லை. விட்டுவிட்டுச் சிமிட்டினால் எண்ண வேண்டும். துளையை மட்டும் இரண்டு தரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே பேட்டரி மின்சாரம் வரும் துளையும் இருக்கிறது, அதை இ1-ஓடு சேர்த்தால் ஷார்ட் ஆகும்.

தங்கை மகனை உள்ளே உட்கார வைத்தேன். "மாமா, ரெண்டு அடிச்சு நின்னுச்சு, மறுபடி ரெண்டு" என்றான். திரும்பத் திரும்ப அதேதான். 22. எஞ்சின் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சாரின் இணைப்பில் கோளாறு என்று அர்த்தம்.

இது வந்தால் கம்ப்யூட்டர் தண்ணீர் 80 டிகிரியில் இருப்பதாகத் தானே வைத்துக்கொண்டு ஓட்டும். எஞ்சின் உண்மையில் குளிர்ந்திருக்கும் காலையில், அதற்குத் தேவையான கூடுதல் பெட்ரோல் கிடைக்காது. இந்த வாரம் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்ததன் காரணம் புரிந்தது. ஆனால் நன்றாகச் சூடேறிய பிறகும் ஏன் நடுங்குகிறது? அப்போது 80 என்பது ஏறக்குறைய உண்மைதானே. இந்தக் கேள்வி ராத்திரி முழுக்க மண்டையைக் குடைந்தது.

ஏப்ரல் 21, ஞாயிறு

சென்சாரின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு. மல்டிமீட்டரை வைத்து சென்சாரின் மின்தடையை, அதாவது ஓம்ஸ், பார்த்தேன். 20 டிகிரியில் 2,000-லிருந்து 3,000 ஓம் வரை இருக்க வேண்டும், 80 டிகிரியில் 200-லிருந்து 400-க்குள் இறங்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் நிற்கும் வண்டி என்பதால் முதல் கணக்குக்குக் கீழே காட்டியது, சூடேற ஏற ஒழுங்காக இறங்கியது. சென்சார் நல்லது, முனைதான் கெட்டது. சுரண்டிச் சுத்தம் செய்து, தளர்ந்த முனையை இறுக்கி மாட்டினேன். பழைய பதிவை அழிக்க, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் இஎஃப்ஐ பியூஸைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தேன்.

விளக்கு அணைந்தது. காலை ஸ்டார்ட்டும் சரியானது. ஆனால் நடுக்கம் மட்டும் துளியும் குறையவில்லை. அப்படியென்றால் இது வேறு நோய். இரண்டும் ஒரே நாளில் தெரிந்ததால் ஒன்றின் பிள்ளை மற்றது என்று எல்லோரும் நினைத்துவிட்டோம்.

ஏப்ரல் 22, திங்கள்

பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்தில் பிடித்து, எஞ்சின் சத்தம் கேட்டேன். உறையிட்ட பிளையரால்தான் செய்ய வேண்டும், ஷாக் பலமாக அடிக்கும். செத்த சிலிண்டர் இருந்தால் அதன் வயரைக் கழற்றும்போது சத்தம் மாறாது. இங்கே நான்கிலும் ஒரே அளவு இறங்கியது. ஆக, ஒரு சிலிண்டரின் பிரச்சினை இல்லை, நான்குக்கும் பொதுவான ஒன்று. பிளக்குகளின் முனையும் நான்கிலும் ஒரே மாதிரி வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைவு, அல்லது காற்று அதிகம்.

திருட்டுக் காற்று என்று தோன்றியது. எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃபிளோ மீட்டரைத் தாண்டி எங்காவது காற்று நுழைந்தால் அது கணக்கில் வராது, அதற்கான பெட்ரோலும் வராது. நிற்கும்போது எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சிறு ஓட்டைகூடப் பெரிய பங்கு. ஓடும்போது அது கரைந்துவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் சீராவது இதனால்தான்.

ஏப்ரல் 23, செவ்வாய்

எஞ்சின் ஓட, தலைவாரும்போது அடிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் இணைப்பு இணைப்பாக லேசாக அடித்தேன். மின்சாரப் பகுதிகளில் படாமல் பார்த்துக்கொண்டேன். சிலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும், எனக்கு அது வேண்டாம். ஓரிடத்தில் அடித்ததும் எஞ்சின் சத்தம் ஒரு நொடி மாறியது: எஞ்சினின் உறிஞ்சும் இழுவையால் பிரேக் மிதியை இலேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மேனிஃபோல்டில் மாட்டும் இடம். துணி சுற்றிய பிளையரால் மேனிஃபோல்டை ஒட்டி அதை நெரித்தேன். நடுக்கம் சட்டென்று நின்றது. பூஸ்டர் முனையில் நெரித்தால் மறுபடி நடுங்கியது. பூஸ்டர் நல்லது, குழாய்தான்.

கழற்றி வளைத்தால் அடிப்பக்கம் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. இத்தனை வருடச் சூட்டில் ரப்பர் இறுகிப்போயிருக்கிறது.

இது வெறும் நடுக்கம் இல்லை என்பதுதான் என்னைக் கலங்க வைத்தது. குழாய் முழுதாகக் கிழிந்திருந்தால் பிரேக் மிதி கல்லாகியிருக்கும், பின்னால் முழு லோடு. அதுவும் இங்கே. 1970-இல் நாடு சாலையின் வலப்பக்கத்துக்கு மாறியது, எங்கள் வண்டிகளுக்கு ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். ஓவர்டேக் செய்யும்போது எதிரே வருவதை இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் "வருது" என்று கத்தும் நொடியில் பிரேக் பிடித்தே ஆக வேண்டும்.

ஏப்ரல் 25, வியாழன்

ரங்கூனில் குழாய் வாங்கினேன். முதல் கடையில் பெட்ரோல் குழாயை நீட்டி "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றல்ல. பூஸ்டர் குழாய்க்குள் உறிஞ்சும் இழுவை இருக்கிறது, அதைத் தாங்காத குழாய் உள்பக்கமாகச் சப்பிவிடும். வேறு கடையில் உள்ளே நூல் பின்னிய, தடித்த சுவர் கொண்டது கிடைத்தது. குழாயின் நடுவிலிருக்கும் ஒருவழி வால்வையும் ஊதிப் பார்த்தேன். பூஸ்டரிலிருந்து எஞ்சின் பக்கம் மட்டும் காற்று போக வேண்டும். போனது. அம்புக்குறி பார்த்து மாட்டி, கிளிப் போட்டேன்.

அப்புறம் பிரேக் சோதனை. எஞ்சினை நிறுத்தி, மிதி கெட்டியாகும் வரை பலமுறை அழுத்திவிட்டு, கால் வைத்தபடியே ஸ்டார்ட் செய்தேன். மிதி கொஞ்சம் கீழே இறங்கியது. பூஸ்டர் வேலை செய்கிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

முழு லோடோடு சந்தைக்குப் போய் வந்தாயிற்று. பாலத்தில் நெரிசல், வெகுநேரம் நின்றபடி எஞ்சின் ஓடியது, அதிர்வே இல்லை. விளக்கும் வரவில்லை. திரும்பி வந்ததும் கம்பியை வைத்து மறுபடி படித்தேன். ஒரே சீரான சிமிட்டல்.

மற்ற ரப்பர் குழாய்களும் அதே வயதுதான். ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்துப் பட்டியல் எழுதியிருக்கிறேன். மே நடுவில் மழை தொடங்குவதற்குள் மாற்றிவிட வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் ரப்பர் வளையத்தோடு சேர்த்து.