டிக்கெட் இருந்தால்தான் வேலை

தரமணியில் டைடல் பார்க் திறந்த 2000-ஆம் ஆண்டு வாக்கில், சர்வர் அறைக்குள் இருப்பவர் வைத்ததுதான் சட்டம். டிஸ்க் நிரம்பினால் பழைய லாக் கோப்புகளை, அதாவது சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவுகளை, அவரே அழிப்பார். யாரிடமும் கேட்க மாட்டார். அதைப் பொற்காலம் என்றும் சொல்ல மாட்டேன். அவர் ஊருக்குப் போனால் பாஸ்வேர்டும் கூடவே ரயிலேறிவிடும்.

பிறகு நிர்வாகம் வந்தது. 1980-களின் இறுதியில் பிரிட்டன் அரசு தொகுக்கத் தொடங்கிய ஐடிஐஎல் என்ற ஐ.டி. சேவை நிர்வாக நடைமுறைகள் ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் வேதமாகிவிட்டன. இப்போது டிஸ்க் 96 சதவீதம் நிரம்பியிருப்பது கண்ணெதிரே தெரிகிறது. ஒரே கட்டளை, அரை நிமிட வேலை. ஆனால் மாற்றக் கோரிக்கை எழுத வேண்டும். பாதிப்பு என்ன, சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி என்றெல்லாம் நிரப்ப வேண்டும். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அந்த சர்வரைத் தொட்டே பார்த்திராதவர்கள் தலையாட்ட வேண்டும். அதற்குள் டேட்டாபேஸ் படுத்துவிடும். படுத்துவிட்டால் அது அவசரநிலை. ஐந்தே நிமிடத்தில் அனுமதி!

வங்கி சர்வரில் அவரவர் இஷ்டத்துக்குக் கை வைக்கக் கூடாது என்பது நியாயம்தான். என் எரிச்சல் வேறு: முடித்து மூடிய டிக்கெட்டுகளை, அதாவது கணினியில் பதிவான வேலைக் கோரிக்கைகளை, எண்ணித்தான் ஊதிய உயர்வு. பழுதே வராமல் பார்த்துக்கொள்பவரின் கணக்கில் என்ன ஏறும்? பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்தே எங்கள் குழுவில் ஒருவர் விருது வாங்கிவிட்டார். நல்ல மனிதர், எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.