நிலம் கொடுத்தவரும் உயிர் எடுத்தவரும்

கம்யூனிசத்தைத் தடுக்க முயன்ற தலைவர்கள் என்றதும் எல்லோரும் அமெரிக்க அதிபர் ட்ரூமனில் தொடங்குவார்கள். 1947 மார்ச்சில் கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டு அவர் ஆற்றிய உரை முக்கியம்தான். என் மனமோ பிலிப்பைன்ஸின் ரமோன் மக்சேசேயிடமே நிற்கிறது. (ஆம், விருதுக்குப் பெயர் தந்தவர் அவர்தான்.)

1950இல் அவர் பாதுகாப்புத் துறைப் பொறுப்பை ஏற்றபோது, அந்நாட்டின் லூசோன் தீவின் மத்தியப் பகுதியில், கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய ஹுக் கெரில்லாக்களின் கை ஓங்கியிருந்தது. அவர்களுக்குச் சோறு போட்டவர்கள், விளைச்சலில் பாதியை நிலச்சுவான்தாருக்கு அளந்துவிட்டுக் கடனில் மூழ்கிய குத்தகை விவசாயிகள். மக்சேசே போரை நிறுத்தவில்லை. ஆனால் கிராமத்தாரைக் கொடுமைப்படுத்திய அரசுப் படையினரைத் தண்டித்தார். எந்த ஏழையும் தந்தியடித்துத் தன்னிடம் முறையிட வழி செய்தார். சரணடைந்த கெரில்லாக்களுக்குத் தெற்கே மிண்டனாவோ தீவில் நிலம் கொடுத்தார். அது மோரோ என்னும் முஸ்லிம் மக்களின் மண் என்பதையும் நான் மறக்கவில்லை. அந்தக் காயம் பின்னாளில் வேறு போராக வெடித்தது. குடியேறிய குடும்பங்களும் அதிகமில்லை. ஆனாலும் காட்டில் இருந்தவனுக்குத் திரும்பி வர ஒரு காரணம் கிடைத்தது. 1954இல் ஹுக் தலைவர் லூயிஸ் தாருக் சரணடைந்தார்.

இந்தோனேசியாவில் 1965-66இல் ஜெனரல் சுகார்த்தோவின் ராணுவம் எடுத்த வழி வேறு. கம்யூனிஸ்டுகள், அவர்களின் ஆதரவாளர்கள் என்று சொல்லிக் குறைந்தது 5 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். இதையும் மக்சேசே செய்ததையும் கம்யூனிசத்தைக் ‘கட்டுப்படுத்தினார்கள்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தோனேசியாவில் கைதாகி, விசாரணையே இன்றிப் புரு என்ற சிறைத்தீவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் 1979 வரை வீடு திரும்பவில்லை.