கண் சிவப்பு போக்குற சொட்டு மருந்த நிறுத்துன அனுபவம் - கம்பம், குமுளி பக்கம் இருக்குறவங்க கண்டிப்பா படிங்க

மொதல்ல ஒரு விஷயம் சொல்லிடுறேன். சிவப்பு போறதுக்குன்னு மெடிக்கல்ல சீட்டு இல்லாமயே குடுக்குற சொட்டு மருந்த தினமும் போட்டுட்டு இருக்கீங்கன்னா, அந்த பாட்டிலையும் அது வந்த அட்டை டப்பாவையும் தூக்கி போட்டுறாதீங்க. டாக்டர் மொத கேள்வியே அதான் கேப்பாங்க. அது கையில இல்லாததால ஒரு நாள் சம்பளமும் தேனி வரைக்கும் போன பஸ் காசும் எனக்கு வீணாப் போச்சு, அந்த ஆத்திரம் இன்னும் அடங்கல.

நான் கூடலூர், கம்பத்துக்கு பக்கத்துல இருக்குற கூடலூர். வேலை குமுளில ஒரு ஏலக்காய் கடைல, பில்லு கணக்கு எல்லாம் கம்ப்யூட்டர்ல போடணும். நான் உக்காந்த இடத்துக்கு அடுத்த ஹால்லதான் காய சலிச்சு 8 எம்எம், 7 எம்எம்னு தரம் பிரிப்பாங்க, மெஷின் ஓடுனா காம்பும் தோலும் தூசியா பறந்து கீபோர்டு மேலயே பச்சையா படியும். சீசன் நேரத்துல காலைல லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுறப்ப ஜீப்ல அடிக்குற பனிக்காத்து, அப்புறம் இந்த தூசி, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் மானிட்டர். கண்ணு சிவக்காம என்ன பண்ணும். ஆனா பொம்பளப் புள்ள கண்ணு செவந்து இருந்தா யாரும் தூசின்னு நினைக்க மாட்டாங்க. வீட்ல என்ன சண்டை, ஏன் அழுத, மாப்பிள்ளை வீட்டுல ஏதும் சொல்லிட்டாங்களான்னு ஆளாளுக்கு கேப்பாங்க. அது தாங்க முடியாமத்தான் மெடிக்கல் போனேன்.

கடைல இருந்த சேட்டன் ஒரு சின்ன பாட்டில் எடுத்து குடுத்து "ரெண்டு துள்ளி ஒழிச்சா மதி மோளே"ன்னாரு, ரெண்டு சொட்டு விட்டா போதும்மான்னு அர்த்தம். எத்தன நாளைக்கு, எப்ப நிறுத்தணும்னு ஒரு வார்த்தை இல்ல, பில்லும் இல்ல. போட்ட உடனே ஜில்லுன்னு இருந்துச்சு, அஞ்சு நிமிஷத்துல கண்ணு வெள்ளை ஆயிருச்சு. ஆரம்பத்துல காலைல ஒரு தடவ போட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்கும். போகப் போக மதியத்துக்கே பழையபடி செவக்க ஆரம்பிச்சு, அதுவும் முன்ன இருந்ததுக்கு மேல செவக்கும். அப்புறம் பாட்டில் இல்லாம வெளிய கெளம்பவே முடியாதுங்குற நெலமை, ஹேண்ட்பேக்ல ஒண்ணு, கல்லாப்பெட்டில ஒண்ணு. தூசியே இல்லாத ஞாயித்துக்கிழமை வீட்ல சும்மா இருந்தாலும் செவப்பு வந்துச்சு, அப்பத்தான் இது தூசியால இல்ல மருந்தாலன்னு சந்தேகம் வந்துச்சு.

சந்தேகம் சரிதான்னு பின்னாடி தேனில பாத்த கண் டாக்டரம்மா சொன்னாங்க. இந்த மாதிரி சொட்டுல இருக்குறது நாஃபாசோலின், ஃபினைலெஃப்ரின், டெட்ராஹைட்ரோசோலின் மாதிரி மருந்துங்க. இதுங்க கண்ணு வெள்ளைல இருக்குற ரத்தக் குழாய இறுக்கி சுருக்கிடும், அதனால வெள்ளையா தெரியும், அவ்வளவுதான், எதனால செவந்துச்சோ அது அப்படியேதான் இருக்கும். மருந்து வேகம் கொறஞ்சதும் சுருங்குன குழாய் முன்னவிட அதிகமா விரியும். தினமும் போட்டா மருந்துக்கு கண்ணு பழகி ஒரு சொட்டு கேட்ட இடத்துல மூணு சொட்டு கேக்கும். இதுக்கு மேல பாட்டில்ல மருந்து கெடாம இருக்க பென்சால்கோனியம் குளோரைடு சேத்திருப்பாங்க, அடிக்கடி போட்டா அது கண்ணு மேல்பரப்ப அரிச்சு காய வைக்கும், காஞ்ச கண்ணு மறுபடி செவக்கும். அந்த ஜில்லுப்பு இருக்கே, அது சில பிராண்டுல சேக்குற மென்தாலும் கற்பூரமும். அத நான் கண்ணு சரியாகுதுன்னு நம்பிட்டு இருந்தேன், டப்பால தெளிவா எச்சரிக்கை போட்டு மெடிக்கல்ல வாயால சொல்லிக் குடுத்திருந்தா யாரும் இப்படி நம்பப் போறதில்ல. அமெரிக்காவுல இதே வகை மருந்து டப்பா மேல 72 மணி நேரத்துக்கு மேல செவப்பு இருந்தா நிறுத்திட்டு டாக்டர பாருன்னு அச்சடிச்சிருக்காங்க.

மொதல்ல இந்தப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன், பேர் வேண்டாம். வெள்ளனா போய் வரிசைல நின்னு, ஓ.பி. சீட்டு வாங்கி, கண்ணு டாக்டர் ரூம் வாசல்ல பெஞ்சுல உக்காந்து உக்காந்து, பதினோரு மணிக்கு மேல போய் கேட்டா சீட்டு போட்டுக் குடுத்த அதே ஆளு "கண்ணு டாக்டர் இன்னைக்கு கேம்ப்புக்கு போயிட்டாங்கம்மா, வேற நாள் வா"ங்குறாரு. அவருக்கு காலைலயே தெரியும். என் பக்கத்துல கூடலூர்ல இருந்து வந்த ஒரு பாட்டி, ஒரு கண்ணுல பொறை, பேரன் லீவு போட்டு கூட்டிட்டு வந்திருக்கான், அவங்களையும் அப்படியே திருப்பி அனுப்புனாங்க. சீட்டு போடுறப்பவே ஒரு வார்த்தை சொல்ல என்ன கஷ்டம்? என்னவிட அந்தப் பாட்டிய நினைச்சுத்தான் மனசு கேக்கல. அரசு ஆஸ்பத்திரி போறவங்க கண்ணு டாக்டர் எந்தெந்த நாள் இருப்பாங்கன்னு முந்தின நாளே யாரையாவது விட்டு விசாரிச்சுட்டு போங்க.

அப்புறம் தேனில ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நல்லவங்க, பொறுமையா கேட்டாங்க. ஆனா என்ன மருந்து போட்டீங்கன்னு கேட்டதுக்கு பச்சை மூடி போட்ட சின்ன பாட்டில்னுதான் என்னால சொல்ல முடிஞ்சுது, என்கிட்ட இருந்த ரெண்டு பாட்டில்லயும் லேபிள் அழிஞ்சு போயிருந்துச்சு. "பச்சை மூடில நூறு மருந்து இருக்கும்மா, அதுல ஸ்டீராய்டு இருந்துச்சா இல்லையான்னு தெரியாம நான் எப்படி டக்குன்னு நிறுத்தச் சொல்ல"ன்னாங்க. நியாயம்தான். ஸ்டீராய்டுன்னா வீக்கத்த அடக்குற பலமான மருந்து, அந்த சொட்ட திடீர்னு நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும், அது மாசக்கணக்குல போட்டிருந்தா கண்ணு பிரஷர் ஏறி பார்வை நரம்பையே கெடுத்துரும், பொறையும் வரும், அதுக்கு வேற டெஸ்ட். பேர் தெரிஞ்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

மறுபடி குமுளி மெடிக்கல். போய் கேட்டா அந்த சேட்டன் என்ன பாக்காத மாதிரி "அது நம்மள் தந்ததல்லல்லோ"ன்னுட்டாரு, அவர் குடுத்தது இல்லையாம். வாராவாரம் அவர்ட்டதான் வாங்குனேன். பில்லு இருக்கான்னு கேட்டாரு, குடுக்காத பில்லுக்கு நான் எங்க போறது. எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு, அது மருந்தால வந்த தண்ணி இல்ல. கடைசில வழி வீட்லயே கெடைச்சுது. எங்க மதினி அந்த அட்டை டப்பால ஊக்கும் ஹேர்பின்னும் போட்டு கண்ணாடிக்கு பின்னாடி வச்சிருந்தாங்க. ஒரு பக்கம் எண்ணெய்க் கறை, ஆனா எழுத்து தெளிவா இருந்துச்சு. நாஃபாசோலின், ஃபினைலெஃப்ரின், மென்தால், கற்பூரம், ஸ்டீராய்டு இல்ல. அத ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுட்டு மறுநாள் தேனிக்கு கெளம்பிட்டேன்.

டெஸ்ட் எல்லாம் சீக்கிரமா முடிஞ்சுது. கண்ணு பிரஷர் 16, பொதுவா 10ல இருந்து 21க்குள்ள இருந்தா நார்மல்னாங்க. கீழ் இமைல ஒரு பேப்பர் பட்டைய மாட்டி 5 நிமிஷம் கண்ண மூடச் சொல்லி கண்ணீர் எவ்வளவு ஊறுதுன்னு பாத்தாங்க, 10 மில்லிமீட்டருக்கு மேல நனைஞ்சா பரவால்லயாம், எனக்கு அதுக்கு கீழதான். வறண்ட கண்ணு. கண்ணு பாப்பா விரிய மருந்து விட்டா ரொம்ப நேரம் கிட்டத்துல எதுவும் தெரியாது, பஸ் போர்டு கூட மங்கலாத்தான் இருக்கும், கூட ஒரு ஆள கூட்டிட்டு போங்க.

தீர்ப்பு: ரெண்டு கண்ணுலயும் இன்னையோட நிறுத்து. பதிலுக்கு கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம் இருக்குற கண்ணீர் சொட்டு, அதுவும் பிரிசர்வேட்டிவ், அதாவது மருந்து கெடாம இருக்க சேக்குறது, இல்லாதது. இது கடைல கேக்குறப்ப "பிரிசர்வேட்டிவ் இல்லாதது"ன்னு அழுத்தி கேளுங்க, இல்லேன்னா சாதா பாட்டிலத்தான் எடுத்து நீட்டுவாங்க. குமுளில கெடைக்கல, கம்பத்துல சொல்லி வச்சு வாங்குனேன், வெல கூடத்தான். கூடவே மூடுன கண்ணு மேல ஈரத் துணி, காலைல இமை மேல வெதுவெதுப்பா ஒத்தடம்.

இனிமேதான் கஷ்டமே. நிறுத்துன மொத வாரம் கண்ணு ரெண்டும் அரளிப்பூ மாதிரி ஆயிருச்சு. எரிச்சல், உறுத்தல், வெளிச்சம் பாத்தா கூசுது. ராத்திரி முழுக்க ஒரே நினைப்பு, ஒரே ஒரு சொட்டு போட்டா காலைல வேலைக்கு நல்லபடியா போயிரலாமேன்னு. போடல. போட்டா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு டாக்டரம்மா சொன்னது மட்டும்தான் மனசுல இருந்துச்சு. 1997ல அமெரிக்க கண் மருத்துவ இதழ் ஒண்ணுல வந்த ஆய்வு பின்னாடி தேடிப் படிச்சேன், இந்த வகை மருந்தால செவந்த 137 கண்ண பாத்திருக்காங்க, நிறுத்துன பிறகு பாதிப் பேருக்கு கிட்டத்தட்ட 4 வாரத்துல சரியாகியிருக்கு, சிலருக்கு 24 வாரம் வரைக்கும் ஆகியிருக்கு. இத யாராவது மொதல்லயே சொல்லியிருந்தா அந்த ராத்திரிங்க கொஞ்சம் லேசா போயிருக்கும்.

ஜீப்ல வேற பிரச்சனை. "என்னத்தா, மெட்ராஸ் ஐயா?"ன்னு கேட்டுட்டு ஒரு அக்கா துப்பட்டாவ மூஞ்சில போட்டுட்டு தள்ளி உக்காந்துட்டாங்க. மெட்ராஸ் ஐன்னா பீளை தள்ளும், காலைல இமை ஒட்டிக்கும், பெரும்பாலும் ஒரு கண்ணுல ஆரம்பிச்சு அடுத்ததுக்கு போகும், அதுவும் பாத்தா ஒட்டாது, அதிகமா கைபட்டுத்தான் ஒட்டும். இதெல்லாம் சொல்லிப் பாத்தேன், கேக்க ஆள் இல்ல. கடைல சூப்பர்வைசர் டாக்டர் லெட்டர் இல்லாம வேலைக்கு வரக்கூடாதுன்னுட்டாரு.

லெட்டருக்கு மறுபடி தேனி. கவுண்டர்ல இருந்தவர் "லெட்டர்லாம் டாக்டர் பாத்த அன்னைக்கே கேக்கணும்"னாரு, அப்புறம் ஆஸ்பத்திரி அட்டைய கொண்டாங்கன்னாரு, அப்புறம் அடுத்த ரூம், அங்க சாப்பாட்டு நேரம். கடைசில டைப் அடிச்சு குடுத்த லெட்டர வாசல்ல நின்னு படிச்சா "கண்ணுக்கு ஓய்வு தேவை"ன்னு இருக்கு. எனக்கு ஓய்வு வேண்டாம், தொத்து நோய் இல்லேன்னுதான் வேணும்! இத கொண்டு போனா இன்னும் நாலு நாள் சம்பளம் போகும். திரும்ப உள்ள போயிட்டேன். கவுண்டர்ல கெஞ்சல, நேரா டாக்டரம்மா ரூம் வாசல்ல நின்னேன், அவங்க பாத்ததும் கூப்பிட்டு அந்த லெட்டர்லயே "இது மருந்தால் வந்த சிவப்பு, மற்றவருக்குப் பரவாது"ன்னு கையால எழுதி சீல் வச்சுக் குடுத்தாங்க. லெட்டர் வாங்குனா அங்கயே நின்னு ஒவ்வொரு வரியும் படிங்க, நீங்க கேட்டதுதான் எழுதியிருக்கான்னு பாருங்க.

நடுவுல இன்னொரு கண்டம். கண்ணீர் சொட்டு தீந்து கம்பத்துல வேற ஒரு மெடிக்கல் போனப்ப அங்க இருந்த பையன் என் கண்ண பாத்துட்டு "அக்கா இத போடுங்க, ரெண்டே நாள்ல வெள்ளை ஆயிரும்"னு ஒரு பாட்டில் குடுத்தான். திருப்பி பாத்தேன், லேபிள்ல செங்குத்தா செவப்புக் கோடு, டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு! டாக்டர் சீட்டு இல்லாம தரவே கூடாத மருந்து. ஒரு பழக்கத்துல இருந்து வெளிய வரப்போற நேரத்துல அதவிட மோசமானதுல கொண்டு தள்ளப் பாத்தான். அங்கயே திருப்பிக் குடுத்துட்டேன், பில்லும் காசும் வாங்கிட்டுத்தான் வந்தேன். லேபிள் படிக்கத் தெரியாத எத்தன பேரு இப்படி வாங்கிட்டுப் போறாங்களோ, நினைச்சாலே பதறுது.

மூணாவது வாரத்துல இருந்து காலைல எந்திரிக்குறப்ப செவப்பு கொறைய ஆரம்பிச்சுது, இப்ப நல்லா இருக்கு, பேப்பர் மாதிரி வெள்ளை இல்ல, தூசில வேலை பாக்குற ஆளுக்கு இருக்குற சாதா கண்ணு, அது போதும். அந்த லெட்டர காட்டித்தான் முதலாளிட்ட பேசி என் டேபிள மெஷின் ஹால் பக்கத்துல இருந்து முன்பக்கம் மாத்த வச்சேன், அதுதான் எனக்கு இதுல பெரிய வெற்றி. மானிட்டர கண்ணு மட்டத்துக்கு கீழ இறக்கிட்டேன், 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ 20 அடிக்கு அப்பால 20 செகண்ட் பாக்குறேன், ஜன்னலுக்கு வெளிய மலைதானே.

நிறுத்துறப்ப செவப்பும் எரிச்சலும் வரும், ஆனா கண்ணு உள்ள வலிச்சாலோ, பார்வை மங்குனாலோ, விளக்க சுத்தி வட்டம் தெரிஞ்சாலோ, தலைவலி வாந்தின்னு வந்தாலோ அது மருந்த நிறுத்துனதால வர்றது இல்ல, அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க. குடும்பத்துல யாருக்காவது கண்ணு பிரஷர் இருந்தா டாக்டர்ட்ட மறக்காம சொல்லுங்க, சில பேருக்கு இந்த சொட்டே பிரஷர திடீர்னு ஏத்தி விட்டுரும். சின்னப் புள்ளைங்க இருக்குற வீடுன்னா மிச்சப் பாட்டில கைக்கு எட்டுற எடத்துல வைக்காதீங்க, இத 1, 2 மில்லி குடிச்சாலே கொழந்தைக்கு ஆபத்துன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012லயே எச்சரிச்சிருக்கு. எங்க மதினி பையனுக்கு ரெண்டு வயசு, என் மிச்சப் பாட்டில் ரெண்டையும் அன்னைக்கே அப்புறப்படுத்திட்டேன், டப்பா மட்டும் இன்னும் கவர்ல பத்திரமா இருக்கு, அடுத்த ரிவ்யூக்கும் எடுத்துட்டுப் போகணும்.