இனிஷியலில் நின்ற விசா

ஜூலை 9

மதியம் மெயில் வந்தது. விசா இல்லை.

பிரிட்டன் மாணவர் விசாவுக்கு 70 புள்ளி வேண்டும். படிப்புக்கு 50, ஆங்கிலத்துக்கு 10, பணத்துக்கு 10. எனக்கு 60தான் கிடைத்திருக்கிறது. ஊர் நிலத்தை விற்ற பணம் அம்மா கணக்கில், அவர்கள் விதிப்படி கேட்கும் 28 நாளும் குறையாமல்தான் கிடந்தது. ஆனால் கணக்குக்காரர் என் தாய் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். மூன்று முறை படித்தேன். அம்மா பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 10

எல்லாத் தாளையும் பாயில் பரப்பிப் பார்த்தேன். மாநகராட்சி கொடுத்த என் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயருக்கு முன்னால் ‘ஜி’. பேங்க் பாஸ்புக்கில் ‘எம்’. ஜி என் தாத்தா, எம் என் அப்பா. கல்யாணம் ஆனதும் இனிஷியல் மாறியது, அவ்வளவுதான். ராயபுரத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே கதைதான் இருக்கும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது அங்கே ஃபைல் பார்ப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் கல்யாணப் பதிவுச் சான்றையும், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற நோட்டரி அஃபிடவிட்டையும் அன்றைக்கே ஏற்றியிருந்தேன். மறுப்புக் கடிதத்தில் அந்த இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். “என் பேராலயா போச்சு?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது.

ஜூலை 13

விவரம் தெரிந்த அண்ணன் ஒருவர், “பேசாம திரும்ப அப்ளை பண்ணிடு” என்றார். அதற்கு மறுபடி முழுக் கட்டணம் கட்ட வேண்டும், கல்லூரியிடம் புது சி.ஏ.எஸ். எண்ணும், அதாவது இடம் உறுதி என்று கல்லூரி தரும் எண்ணும், கேட்க வேண்டும்.

இன்னொரு வழி அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ. கோர்ட் அப்பீல் மாதிரி இல்லை இது. கொடுத்த தாள்களைப் பார்த்ததில் அதிகாரி தவறினாரா என்று வேறொருவர் பார்ப்பார். வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு, முடிவு கைக்கு வந்ததிலிருந்து 28 நாள் கெடு. கட்டணம் 80 பவுண்ட். நடுவில் புது விண்ணப்பம் போட்டால் ரிவ்யூ வாபஸ் ஆனதாகிவிடும். இரண்டு தோணியில் கால் வைக்க முடியாது.

நாளைக்கு எந்த நாட்டு ஃபாரத்தை நிரப்பினாலும், விசா மறுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பார்கள். செய்யாத தப்புக்கு ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டே இருக்க மனசு வரவில்லை. சரி, ரிவ்யூதான்.

ஜூலை 18

இரண்டு பக்கம் எழுதினேன். அப்பா பட்ட பாடு, நான் வாங்கிய மார்க், எல்லாம் அதில் இருந்தது. மெட்ரோ ஏறிப் போய்ப் பழைய வாத்தியாரிடம் காட்டினேன். பேனாவை எடுத்து முக்கால்வாசியை அடித்தார். “கெஞ்சாதம்மா. எந்தத் தாளு, எந்தப் பேர்ல ஏத்தின, அதுல எந்த வரி. அது போதும்.”

வீட்டுக்கு வந்து கல்யாணச் சான்றை மறுபடி எடுத்தேன். லேமினேஷன் ஓரம் பழுத்துப்போயிருக்கிறது. மணமகள் பெயருக்கு முன்னால் ‘ஜி’, அடுத்த கட்டத்தில் அப்பா பெயர். இரண்டு எழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. கடிதத்தை இங்கிருந்துதான் ஆரம்பித்தேன். பதினோரு வரியில் முடிந்துவிட்டது.

ஜூலை 20

அனுப்பிவிட்டேன். பணம் கட்டிய ரசீதும் வந்துவிட்டது.

ஜூலை 26

கல்லூரி பதில் போட்டிருக்கிறது. அக்டோபர் முதல் வாரம்வரை சேரலாம், தவறினால் ஜனவரி. செப்டம்பர் பாதிவரை காத்திருப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

தெருமுனை அம்மன் கோயிலில் இன்று கூழ் ஊற்றினார்கள். வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் வசூல். கையில் காசில்லை, பேங்க் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கலாமே என்றேன். அம்மா அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு, மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்தாள்.

“அதுல கை வெக்காத. திரும்ப இருபத்தெட்டு நாள் எண்ணச் சொன்னா?”